தொட்டி நிறையும் நாள்

என் மகளின் பரீட்சை முதல் முறை இருபதாவது நிமிடத்தில் அறுந்தது. இரண்டாம் முறை நாற்பத்தோராவது நிமிடத்தில். மூன்றாம் முறைதான் கடைசி என்று எழுத்தில் வந்துவிட்டது.

அவள் நர்ஸ். வேலூரில் பதினோரு வருட அனுபவம். அவள் கணவரும் நர்ஸ்தான். அவர் கடல் தாண்டிக் குளிர் நாடு ஒன்றுக்குப் போய் இரண்டு வருடமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தன. அவர் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே அவளுக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள், மாதக் கடைசி வரைக்கும். அதற்குள் அவள் ஓர் ஆங்கிலப் பரீட்சையில் தேற வேண்டும்.

அந்தப் பரீட்சையை வீட்டிலேயே லேப்டாப் முன்னால் உட்கார்ந்து எழுதலாம். எங்கோ ஒரு தேசத்தில் ஒருவர் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். விதிகள் பதினான்கு. அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது, செல்போன் இருக்கக் கூடாது, வெளிச்சத்தம் கேட்கக் கூடாது. பதினான்காவது விதி, இணைப்பு அறுந்தால் பரீட்சை ரத்து. அதை மட்டும் நான் சிவப்பு மையில் எழுதிவைத்தேன்.

நாங்கள் ஆம்பூரில் மாடி வீட்டில் இருக்கிறோம். கீழ்வீட்டில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் சிறிய யூனிட். எட்டு மிஷின், எட்டுப் பெண்கள். அதை நடத்துகிற அம்மாளின் கணவரை ‘பாய்’ என்று அழைத்துப் பழகிய தெரு, அவர் காலமான பிறகும் இந்த அம்மாளைப் ‘பாபி’, அதாவது அண்ணி, என்றே அழைக்கிறது. எங்கள் கூடம் அந்த மிஷின்களுக்கு நேர் மேலே இருக்கிறது. காலை எட்டிலிருந்து தரை அதிர்ந்துகொண்டிருக்கும். அதனால் மகள் பின்னால் இருந்த தனி அறைக்குப் போனாள். கூடத்துக்கும் அந்த அறைக்கும் நடுவே திறந்த மொட்டை மாடி. கூடத்து ஜன்னலிலிருந்து அறை ஜன்னல் நேராகத் தெரியும், நடந்தால் பதினாறு எட்டு தூரம். ஒன்பதாவது எட்டில், இடுப்புயரச் செங்கல் மேடையின் மேல், கீழ்வீட்டுக்கான கறுப்புத் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. ஆயிரம் லிட்டர். வைஃபை பெட்டி கூடத்து ஜன்னலோரம் மாட்டியிருந்தது. இதையெல்லாம் நான் பின்னால்தான் அளந்தேன். அப்போது அளந்திருந்தால் இரண்டு பரீட்சை மிஞ்சியிருக்கும்.

முதல் பரீட்சை அறுந்த அன்றே ஒரு நோட்டு போட்டேன். அந்த நாளை ஒன்றாம் நாள் என்று வைத்துக்கொண்டேன். பெட்டியின் கம்பெனிக்குப் போன் செய்தேன்.

“சார், பாக்ஸ்ல லைட் எத்தன எரியுது?” என்றான் போனில் இருந்தவன்.

“அஞ்சு. மூணு பச்ச, ஆடாம நிக்குது. ஒண்ணு சிமிட்டுது, நிமிஷத்துக்கு…”

“அவ்ளோ வேணாம் சார். ஆஃப் பண்ணி முப்பது எண்ணிட்டு ஆன் பண்ணுங்க.”

எண்ணுவதில் எனக்குக் குறை கிடையாது. அறுபது எண்ணிவிட்டுப் போட்டேன். லேப்டாப்பில் இணைப்பை மறக்கச் சொல்லி, பன்னிரண்டு எழுத்துப் பாஸ்வேர்டை மறுபடி அடித்தேன். பழுதைத் தானே தேடிக் கண்டுபிடிக்கும் பொத்தான் ஒன்று லேப்டாப்பிலேயே இருக்கிறது. அழுத்தினால் ஒரு பச்சைக் கோடு ஓடும். கடைசியில், பழுது எதுவும் தென்படவில்லை என்று சொல்லும். முதல் பதினைந்து நாளில் அதை முப்பத்தொரு முறை அழுத்தினேன். முப்பத்தொரு முறையும் அதே பதில்.

கம்பெனி ஆள் ஐந்தாம் நாள் வந்தார். ஆலங்காயம் வரைக்கும் அவர் ஒருவர்தானாம். பின்னறையில் உட்கார்ந்து வேகத்தை அளந்தார். லேப்டாப்பின் மூலையில் விசிறி போல விரியும் நான்கு கோடுகளும் நிறைந்து நின்றன.

“சூப்பரா வருது பெரியவரே. இன்னா கம்ப்ளைன்ட்டு?”

அவர் போன மறுநாள் மறுபடி அறுந்தது. புகார் கொடுத்தேன். பத்தாம் நாள் வந்தார். நான்கு கோடு. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு என் மனைவியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பெட்டியைப் பின்னறைக்கு மாற்ற முடியுமா என்று படிக்கட்டு வரை ஓடிக் கேட்டேன். உள்ளே ஓடுவது கண்ணாடி இழை, நீளம் போதாது, புது இழை இழுக்க மாதம் முடிய வேண்டும் என்றார். லேப்டாப்பில் கம்பி செருகலாம் என்றால் அந்த மெலிந்த லேப்டாப்பில் அதற்கான துளையே இல்லை.

பதினோராம் நாள் இரண்டாம் பரீட்சை அறுந்தது. மகள் அழவில்லை. அறையிலிருந்து வெளியே வந்து, கொடியில் காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலை கீழே இறங்கினேன். மிஷின் மோட்டார்தான் காரணம் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதியிருந்தேன்.

“தாத்தா வந்துட்டாரு, ஊசிய எண்ணப்போறாரு,” என்றாள் வாசலோர மிஷின்காரி.

“பாபி, உங்க மோட்டாரால எங்க வைஃபை கட்டாவுது. பொண்ணு பரீட்ச போச்சு. ஒரு அஞ்சு நிமிஷம் எல்லாத்தையும் நிறுத்துங்க, பாத்துடலாம்.”

பாபி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “அஞ்சு வருஷமா ஓடுது மிஷினு. இப்பத்தான் ஒங்க வைஃபைக்குக் கோவம் வந்துச்சா?” என்றார். ஆனாலும் கையை உயர்த்தினார். எட்டும் நின்றன. நான் இருபத்திரண்டு படி ஏறிப் பின்னறைக்குப் போனேன். ஒரே கோடு. ஐந்து நிமிடமும் ஒரே கோடு. இறங்கி வந்தேன்.

“இன்னாண்ணா, எங்க மிஷினா?”

“இல்ல.”

“அஞ்சு நிமிஷத்துல எத்தன ஜோடி கம்மியாச்சு, நீங்களே கணக்கு சொல்லுங்க.”

“பதினாறு,” என்றேன். போகும்போதே கணக்குப் போட்டிருந்தேன்.

“பாரு, சொல்லவும் செய்றாரு!” எட்டுப் பேரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு ஏறினேன்.

பதினைந்தாம் நாள் மாலை நோட்டைச் சாப்பாட்டு மேஜையில் விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அறுந்த நேரம், மீண்ட நேரம், கோடுகளின் எண்ணிக்கை, மின்சாரம், வெயில், மேகம், எல்லாம் இருந்தது. ஒன்றும் இரண்டும். ஆறும் ஏழும். பதினொன்றும் பன்னிரண்டும். அந்த நாட்களில்தான் தொல்லை. மற்ற நாட்களில் ஒரு குறையும் இல்லை. ஐந்து நாளுக்கு ஒரு முறை வந்து ஒன்றரை நாள் இருந்துவிட்டுப் போகும் வியாதி. ஐந்து நாளுக்கு ஒருமுறை எந்த அலை வரும்? என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே தலைகீழாக நோட்டைப் பார்த்தாள். அவள் முப்பத்து மூன்று வருடம் ஆசிரியை. பெஞ்சுக்கு எதிரே நின்று பார்த்துப் பழகியதால் தலைகீழாகப் படிப்பது அவளுக்குச் சுலபம்.

“என்ன, தண்ணி வர்ற நாளயெல்லாம் எழுதி வெச்சிருக்கீங்க?”

“எது தண்ணி வர்ற நாளு?”

“ஒண்ணு, ஆறு, பதினொண்ணு. அன்னிக்குத்தான நான் பெட்ஷீட் தொவச்சேன். நாளைக்குத் தலகாணி ஒற.”

நான் பேனாவைக் கீழே வைத்தேன். எங்கள் தெருவுக்கு நகராட்சித் தண்ணீர் ஐந்து நாளுக்கு ஒருமுறை, காலை ஆறரையிலிருந்து எட்டு வரை. அன்று காலை பாபி மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புவார்.

பதினாறாம் நாள் காலை ஏழுக்கெல்லாம் பின்னறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். நான்கு கோடு. ஏழு ஐந்துக்கு மோட்டார் ஓடியது. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் வந்தது. நான் வெளியே போய்த் தொட்டியை விரல் முட்டியால் தட்டுவதும் உள்ளே வந்து திரையைப் பார்ப்பதுமாக இருந்தேன். தண்ணீர் இருக்கிற உயரம் வரை தட்டினால் சத்தம் அமுங்கிக் கேட்கும். அதற்கு மேல் கணீரென்று இருக்கும். அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். ஏழு பத்தொன்பதுக்குத் தண்ணீர் ஜன்னலின் கீழ் விளிம்பு உயரத்துக்கு வந்தது. திரையில் ஒரு கோடு அணைந்தது. ஏழு இருபத்தாறுக்கு இன்னொன்று. ஏழு முப்பத்து மூன்றுக்குத் தொட்டி வழிந்தது. ஒற்றைக் கோடு நின்று, அணைந்து, மறுபடி வந்தது.

எனக்கு முழங்கை வரை மயிர்க்கூச்செறிந்தது. எழுபத்தோரு வயதில் இப்படி இரண்டு முறைதான் ஆகியிருக்கிறது. முதல் முறை, மகள் பிறந்து என் விரலைப் பிடித்தபோது.

முப்பத்தெட்டு வருடம் நான் தோல் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். என் வேலை ஈரம் பார்ப்பது. தோல் மேலுக்குக் காய்ந்து மொறமொறவென்றிருக்கும். மீட்டரின் இரண்டு ஊசிகளையும் குத்தினால் உள்ளே ஒளிந்திருக்கிற தண்ணீரை முள் காட்டிவிடும். கண்ணுக்குத் தெரியாததை அளந்துதான் சம்பளம் வாங்கினேன். ஆனாலும் அந்தக் காலை வெயிலில், இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே, சத்தமில்லாமல், நிறமில்லாமல், ஒன்று போய்வந்துகொண்டிருக்கிறது என்பதை அன்றுதான் நம்பினேன். அதற்கு முன் நம்பினேன் என்று சொன்னதெல்லாம் அடுத்தவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னது. அது கதவைத் தாண்டுகிறது. கண்ணாடியைத் தாண்டுகிறது. வெறும் தொட்டியை, அது அங்கே இல்லாதது போலவே தாண்டுகிறது. தண்ணீரிடம் மட்டும் முடியவில்லை. தண்ணீர் அதைக் குடித்துவிடுகிறது. நாம் குடிக்கிற, துணி துவைக்கிற, பாபி தொழுகைக்கு முன் கை கால் கழுவுகிற அதே தண்ணீர். அந்தக் கறுப்புத் தொட்டியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். கும்பிடவில்லை. கை கூப்பின மாதிரிதான் இருந்தது.

கம்பெனி ஆள் வந்த ஐந்தாம் நாளும் பத்தாம் நாளும் தொட்டி காலி. பாவம், அவர் பொய் சொல்லவில்லை.

பிறகுதான் விரல் விட்டு எண்ணினேன். அடுத்த தண்ணீர் இருபத்தோராம் நாள். மூன்றாம் பரீட்சையும் இருபத்தோராம் நாள், வியாழக்கிழமை, காலை பத்தரை. தேதி மாற்ற ஏழு நாள் முன்பே சொல்ல வேண்டும். எங்கள் கையில் ஐந்து நாள் இருந்தது. அன்று தொட்டி காலியாக இருக்க வேண்டும். தொட்டி பாபியுடையது.

ஒருமுறை தவறாகக் குற்றம் சாட்டின வாசலுக்கு மறுபடி போவது எப்படி என்று படியிலேயே நின்றேன். மகள் பின்னாலேயே வந்துவிட்டாள். “நான் கேக்கறேம்ப்பா,” என்றாள். வேண்டாம் என்றேன். கேட்க வேண்டியவன் நான்.

“மறுபடியும் மிஷினா?” என்றார் பாபி.

“இல்ல பாபி. டேங்க்.”

“டேங்க்கா? நேத்து மோட்டாரு, இன்னிக்கு டேங்க்கு, நாளைக்கு நானா?”

சொன்னேன். நோட்டைக் காட்டினேன். சாக்பீஸ் கோடுகளைச் சொன்னேன். பாபி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். வாசலோரத்துப் பெண் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அஞ்சு நாளைக்கு ஒருதரம் வர்ற தண்ணி. அத ரொப்பாத விடுன்றீங்க. எட்டு பொம்பளைங்க வேல செய்ற எடம் இது. கக்கூசுக்கு இன்னா பண்றது?”

அதைக் கணக்குப் போட்டுக்கொண்டு வராமல் போனேனே என்று என்மேலேயே கோபம் வந்தது.

பாபி என் முதுகுக்குப் பின்னால் நின்ற மகளைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பாபிக்கும் அந்த எட்டுப் பேருக்கும் பிரஷர் பார்ப்பவள் அவள்தான். “ஏம்மா, ஒம் மாப்ள போய் எத்தினி நாளாச்சு?”

“ரெண்டு வருஷம் ரெண்டு மாசம் ஆன்ட்டி.”

“யா அல்லா.” பாபி நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார். “டேங்க்ல ஊத்தலன்னா தண்ணி எங்கயும் போய்டாது. வேற எதுலயாவது புடிச்சு வெப்போம். எங்க மாமியார் வூட்டு பிரியாணி தேக்சா மூணு கெடக்குது பரண் மேல. ஒண்ணொண்ணும் நூறு பேருக்கு ஆக்கறது. எறக்கினாத்தான் தெரியும் அதுல எத்தினி கொடம் புடிக்கும்னு. அண்ணா எண்ணட்டும், அவருக்கும் பொழுதுபோவும்.”

“கொடம் நாங்க கொண்டாறோம்,” என்றாள் வாசலோரத்துப் பெண். “எங்க தெருவுல தண்ணி சனிக்கெழமதான். ஆளுக்கு மூணு. ஆனா தாத்தா அடையாளம் போட்டுத் திருப்பித் தரணும், மாத்திக் குடுத்தா பேஜாராயிடும்.”

இருபத்தோராம் நாள் காலை ஆறரைக்குக் குழாய் சீறியது. நேற்று நடந்தது போல அந்தக் காலை எனக்கு நினைவிருக்கிறது. மூன்று தேக்சாக்களையும் புளி போட்டுத் தேய்த்து வாசலில் வைத்திருந்தார்கள். வாய் ஒவ்வொன்றும் மாட்டுவண்டிச் சக்கரம் போல அகலம். குழாயிலிருந்து ரப்பர் குழல் போட்டுக் குடத்தில் பிடித்து, குடத்திலிருந்து தேக்சாவில் ஊற்றினோம். நான் எண்ணினேன். தேக்சா ஒன்றுக்கு ஒன்பது குடம். பெண்களின் குடம் இருபத்து நான்கு. டிரம் இரண்டு, எட்டும் எட்டும் பதினாறு. எங்கள் வீட்டுக் குடம், அண்டா, வாளி, குக்கர், எல்லாம் சேர்த்துப் பதினான்கு குடம்.

கீழே இடமில்லாமல் போனதும், எங்கள் குடங்களை மொட்டை மாடியில் தொட்டியைச் சுற்றி அடுக்க ஆரம்பித்தேன். மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“டேங்க்ல இருக்கற தண்ணிதான் குடிக்குமா? கொடத்துல இருக்கறது விரதமா?”

ஏழு குடத்தையும் மறுபடி உள்ளே தூக்கினேன்.

“மொத்தம் எண்பத்தொண்ணு,” என்று படியிலிருந்து கீழே சொன்னேன்.

“டேங்க்க விட ஜாஸ்தி,” என்றார் பாபி. “இனிமே டேங்க்கே வேணாம் போல.”

பத்தேகாலுக்கு மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தலையைக் குனிந்து ஒரு சிறு ஜெபம் செய்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தொட்டியைத் தட்டினேன். அடியில் ஒரு சாண் தண்ணீர். மேலே முழுதும் கணீரென்றிருந்தது. பத்தரைக்கு அவள் திரையைப் பார்த்து யாருக்கோ வணக்கம் சொன்னாள். கீழே மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் பின்னறைக்கு எட்டாது என்பதை நான் ஏற்கெனவே நான்கு முறை சோதித்திருந்தேன்.

குழாய் எட்டுக்கே நின்றுவிட்டது என்று தெரிந்தும், யாராவது மறந்துபோய் மோட்டாரைப் போட்டுவிட்டால் என்ன ஆவது என்ற பயத்தில் தொட்டியைக் காவல் காக்க நினைத்தேன். அதன் பக்கத்தில் போய் நின்றேன். மேடைக்கு அப்புறம், அறையின் பக்கமாக, ஜன்னலுக்கு எதிரே. இருபது நிமிடம் தாண்டியது. அந்த இருபதாவது நிமிடத்தில் நான் மூச்சு விட்டேனா என்று தெரியாது. முப்பது. முப்பத்தெட்டு. வெயில் மண்டையில் இறங்கியது. வேர்வை காதோரமாக வழிந்து சட்டைக் காலரில் சொட்டியது.

அப்போது மகளின் முகத்தைப் பார்த்தேன். திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். ஏதோ தடங்கியதைக் கேட்பவள் போல ஹெட்போனைக் காதோடு அழுத்தினாள். தொட்டியைத் தட்டினேன். காலி. கீழே எட்டிப் பார்த்தேன். மோட்டார் ஓடவில்லை. வழியில் தண்ணீர் எங்குமே இல்லை. காலரில் இன்னொரு சொட்டு விழுந்தது.

அந்தச் சொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கூடத்து ஜன்னலைப் பார்த்தேன். அறை ஜன்னலைப் பார்த்தேன். இரண்டுக்கும் நேர் நடுக்கோட்டில் நான் நின்றுகொண்டிருந்தேன். முப்பத்தெட்டு வருடம் எத்தனை ஆயிரம் தோல்களில் ஊசி குத்தி, உள்ளே இவ்வளவு தண்ணீர் என்று எழுதியிருப்பேன். தோல் போர்த்த இந்த உடம்புக்குள் எவ்வளவு என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. பாதிக்கு மேல் தண்ணீராகத்தான் இருக்கும். காவல் என்று சொல்லிக்கொண்டு நானே ஒரு தொட்டியாக அவள் வழியில் நின்றிருக்கிறேன்.

செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் இடப்பக்கம் நகர்ந்தேன். ஆறு எட்டு. கைப்பிடிச் சுவரில் முதுகு இடித்ததும் நின்றேன். அங்கிருந்து அவள் முகத்தில் பாதிதான் தெரிந்தது. அந்தப் பாதி முகத்தில் புருவம் இறங்கியது. ஹெட்போனிலிருந்து கை இறங்கியது. விரல்கள் மறுபடி தட்ட ஆரம்பித்தன. என்னால்தான் தடங்கியதா, என் பயம்தான் அப்படிக் காட்டியதா என்று என்னிடம் நோட்டில் ஆதாரம் இல்லை. நகர்ந்ததும் சரியாயிற்று, அவ்வளவுதான் எழுதிவைத்திருக்கிறேன்.

நாற்பத்தோராவது நிமிடம் போனது. அதன்பின் நான் எண்ணவில்லை. அந்தச் சுவரோரம் நின்றபடி வெறும் வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில், கொடிக் கயிறு, தூரத்தில் பாறை மலை. அந்தக் காலியிடம் முழுக்க அவள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் வரை காற்றில், பிறகு கண்ணாடி இழையில் வெளிச்சமாக, கடலுக்கு அடியில், அத்தனை தண்ணீருக்கும் நடுவே ஒரு சொட்டுக்கூடத் தொடாமல். நான் நகர்ந்து கொடுத்த ஆறு எட்டு அந்தப் பாதையில் எத்தனை சிறியது.

ஒன்று ஐந்துக்குக் கதவு திறந்தது. கன்னத்தில் ஹெட்போன் அழுத்தின தடம் இருந்தது.

“கட்டாவலப்பா,” என்றாள். “ஒரு தடவகூட.” பிறகு என் காலைப் பார்த்தாள். “ஏம்ப்பா வெறுங்கால்ல நிக்கறீங்க, தர சுடுதே?”

சுட்டதா என்று அப்போதுதான் பார்த்தேன். இத்தனை நாளும் அவளை இந்த வீட்டிலிருந்து அனுப்பிவைக்கத்தான் இவ்வளவும் செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் எதிரே நின்றாள். கொஞ்ச நேரம் அவளை அந்த இடத்தைவிட்டு நகரச் சொல்லவில்லை, நானும் நகரவில்லை.

கீழேயிருந்து பாபியின் குரல் வந்தது. “அண்ணா! முடிஞ்சுதா? தேக்சாவ காலி பண்ணலாமா?”

“பண்ணலாம் பாபி,” என்றேன். “கொடம் மட்டும் நான் வந்து எண்ணித்தான் குடுப்பேன்.”

இருபத்து நான்கு குடம் இருக்க வேண்டும். இருபத்தைந்து இருந்தது. இரண்டு முறை எண்ணினேன். கூடுதலாக வந்த அந்தப் பச்சைக் குடத்தை யாருமே தன்னுடையது என்று சொல்லவில்லை. மகள் தேறி, விமானம் ஏறி நான்கு மாதம் ஆகிறது. குடம் இன்னும் எங்கள் படிக்கட்டில்தான் இருக்கிறது.